பதினேழில் கட்டிய சிவப்புத் துணி

ரயில் பாதைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் பயிற்சி நிலையத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம் பேச வேண்டும், சால்வை போர்த்துவோம், மதியச் சாப்பாடு உண்டு என்றார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: 'பணியில் நான் பெருமைப்படும் தருணங்கள்'. வர முடியாது என்று சொல்லிவிட்டேன். மேடையில் நின்று பெருமை பேசுகிறவர்களை முப்பத்தைந்து வருடம் கீழே உட்கார்ந்து பார்த்தவன் நான். அவர்களில் ஒருவர்கூடத் தான் கெடுத்த வேலையைப் பற்றி வாய் திறந்ததில்லை. நான் கெடுத்த வேலை ஒன்றை எழுதித் தருகிறேன். பிடித்தால் படியுங்கள். பிடிக்காவிட்டாலும் படியுங்கள். தண்டவாளம் இணைப்பது, ஜல்லி அடிப்பது எல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. இது அதில் இருக்காது.

கீழ்வேளூர் வட்டாரத்தில் ஒரு கிளைப்பாதை இருந்தது. மீட்டர் கேஜ். எந்த ஊருக்குப் போனது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் ரயிலைத் திருப்பிக் கொடு என்று என் வீட்டு வாசலுக்கு வருவார்கள். பாதை வடக்கிலிருந்து தெற்காகப் போனது. அந்தப் பக்கத்தில் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்காகக் கடலுக்குப் போகிறது. ஆக, ரயில்கரை என்பது தண்ணீருக்குக் குறுக்கே ஆள் உயரத்துக்குப் போட்ட சுவர். கட்டியவர்கள் முட்டாள்கள் இல்லை. சுவரில் அங்கங்கே வழி விட்டிருந்தார்கள். குனிந்து நுழையும் அளவுக்குச் சின்னச் சின்னச் செங்கல் பாலங்கள். ஒவ்வொன்றின் மேலும் எண் வெட்டிய கருங்கல்.

ரயில் நின்ற பிறகு தண்டவாளத்தைக் கழற்றும் வேலைக்கு மேற்பார்வை நான். சித்திரை வெயில். ஏலம் எடுத்தவரின் லாரி கரைமேலேயே ஓடி, தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஸ்லீப்பர் கட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. பதினேழாம் எண் பாலத்தின் வளைவில் விரிசல் இருந்தது. பார லாரி ஏறினால் உட்கார்ந்துவிடும். முட்டுக்கொடுக்க மரம் வரவழைத்தால் நான்கு நாள் ஆகும். மேலேயிருந்து தினமும் "இன்னும் முடியலையா?" என்று போன். நான் பாலத்தின் இரண்டு வாயையும் ஜல்லி, மண் போட்டு, கரைச் சரிவோடு சரிவாக இறுக்கி அடைக்கச் சொன்னேன். அரை நாள் வேலை. லாரி ஏறியது, பாலம் தாங்கியது. நான் கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அடைப்பதற்கு முன்னால் இரண்டு பக்கமும் இறங்கிப் பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், பார்க்காமல் செய்தேன் என்று தப்பித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. வாய்க்கால் எதுவும் இல்லை. வயல் வெடித்துக் கிடந்தது. தண்ணீரே வராத இடத்தில் எவனோ பாலம் கட்டியிருக்கிறான் பார் என்று ஆள்களிடம் சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். டெல்டாவில் ஒரு பாலத்தைச் சித்திரையில் பார்த்து முடிவு செய்தவன் நான்.

அது தற்காலிக வேலை. லாரி ஓட்டம் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கேங்கில் ஒரு மேஸ்திரி இருந்தார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பாதையில் தற்காலிகமாக எதைச் செருகினாலும், எதை அடைத்தாலும் அதன்மேல் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். கட்டினவனேதான் அவிழ்க்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. ஒருமுறை தன் தங்கை கல்யாணத்திலிருந்து பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சைக்கிள் மிதித்து, வேலை நடந்த இடத்துக்கு வந்தார்.

"ஏண்ணே, ஒரு துணியை நாங்க அவுக்கமாட்டமா? தாலி கட்டுற நேரத்துல வந்து நிக்கிறிய?" என்று கேட்டேன்.

"நீ அவுத்துடுவ. நான் மறந்துடுவேன். அடுத்த தடவ கட்டறப்ப எனக்கு பயம் இருக்காது" என்றார். செருகியிருந்த கட்டையைத் தட்டி எடுத்தார், துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு, பந்திக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஆளிடம் வேலை கற்ற நான் பதினேழாம் எண் கல்லில் சிவப்புத் துணி கட்டினேன். ஐந்தாம் நாள் மாற்றல் உத்தரவு வந்தது. உடனே வா என்றார்கள், போனேன். போகிற அவசரத்தில் ஒப்படைப்புப் பதிவேட்டில் வரிசையாக எழுதினேன்: பதினாறு நல்ல நிலை, பதினேழு நல்ல நிலை, பதினெட்டு நல்ல நிலை. துணியை அவிழ்க்கவில்லை. அடைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

இதை நான் மறந்துபோனேன் என்று எழுதினால் பொய். ஒவ்வொரு ஐப்பசியிலும் மழை வலுக்கும்போது ஞாபகம் வரும். யாராவது எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த யாராவது யார் என்று யோசிக்க மாட்டேன்.

போன ஐப்பசியில் நிவேதா வந்தார். உங்களைவிட இரண்டு வருடம் மூத்தவர், தஞ்சாவூர்ப் பெண், பொறியாளர். அந்தக் கிளைப்பாதையை முழுக்க நடந்து, மிச்சமிருக்கும் பழைய பொருள்களைப் பட்டியலெடுக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு. நல்லபடியாக இருக்கிற பகுதியைப் பாதுகாத்து, பார்வையாளர்கள் நடக்கிற மாதிரி செய்யப்போகிறார்களாம். தண்டவாளம் கழற்றியவர் நீங்கள்தானே, கூட வாருங்கள் சார் என்றார். மனைவி, மழையில் என்ன நடை என்றாள். நான் ரெயின்கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஏன் என்று நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் நடந்தோம். இருந்ததைச் சொல்கிறேன். ஒரு ஸ்டேஷன் கட்டடத்தில் ஆடு கட்டியிருந்தார்கள். டிக்கெட் ஜன்னல் வழியாக ஒரு கிடா தலையை நீட்டி எங்களைப் பார்த்தது. இன்னொரு ஸ்டேஷனின் கதவுகள் பக்கத்து ஊர் உரக்கடையில் இருந்தன. தண்டவாளத் துண்டு ஒன்றில் கட்சிக்கொடி பறந்தது. மாட்டுக்கொட்டகைகளுக்குத் தூண் எல்லாம் எங்கள் ஸ்லீப்பர் கட்டைதான். எனக்கு நூறு அடி தூரத்திலிருந்தே தெரியும். நிவேதா போய்க் கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"இது ரயில்வே கட்டைதானங்க?"

"இல்லம்மா, இது எங்க மாமனார் சீர் குடுத்தது."

"மேல நம்பர் அடிச்சிருக்கே?"

"மாமனாரு படிச்சவரு."

நிவேதா 'ரயில்வே சொத்து' என்ற வார்த்தையை முதல் வீட்டிலேயே சொல்லிவிட்டார். அது எங்களுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டது. நாங்கள் போன இடமெல்லாம் சாக்குப் போட்டு மூடியிருந்தது. பிடித்துக்கொண்டு போக வந்தவனிடம் எவனும் உண்மை சொல்ல மாட்டான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நிவேதா கையிலிருந்த பட்டியலைக் காட்டினார். "சார், பதினாறு இருக்கு, பதினெட்டு இருக்கு. பதினேழைக் காணோம். பதிவேட்டுல நல்ல நிலைன்னு போட்டிருக்கு. கல்லும் இல்ல, பாலமும் இல்ல."

"கல்லை எவனாவது தூக்கிட்டுப் போயிருப்பான்" என்றேன்.

"பாலத்தையுமா தூக்கிட்டுப் போவான்?"

அவர் 'காணவில்லை' என்று எழுதினார். பிறகு இன்னொன்றும் எழுதினார். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் கரை ஓர் இடத்திலும் உடையாமல் முழுசாக இருக்கிறது, மொத்தப் பாதையிலும் சிறந்த பகுதி இதுதான், இதில் யாரும் மண்வெட்டி போடாமல் பாதுகாக்கப் பரிந்துரைக்கிறேன் என்று. அது ஏன் உடையாமல் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் பக்கத்தில் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிள்ளைகளே, அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதை பாதியாகக் குறைந்திருக்கும். பென்ஷனில் கை வைப்பார்களோ என்று நினைத்தேன். அந்தப் பெண் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று அதற்கு மேல் நினைத்தேன்.

அதன் பிறகு மழை பிடித்தது. மறுநாள் முழுக்கவும் விடவில்லை. அதற்கடுத்த நாள் காலை எட்டு மணிக்கு, கரை எப்படி இருக்கிறது என்று பார்க்க, நிவேதா, பாதை வேலை பார்க்கும் டிராக்மேன் இருவர், நான் என நான்கு பேரும் பதினாறாம் பாலத்திலிருந்து தெற்கே கரைமேல் நடந்தோம். கருவேல முள் இரண்டு பக்கமும் அடித்தது. மேற்கே வயலைப் பார்த்தேன். வயல் இல்லை. தண்ணீர். வரப்பு எங்கே என்று தெரியவில்லை. வேர்பிடித்து இருபது நாள்கூட ஆகாத சம்பா, நுனி மட்டும் அங்கங்கே பச்சையாகத் தெரிந்தது. கிழக்குப் பக்கம் வயல் சாதாரணமாக இருந்தது. நடுவில் நம் கரை.

கொஞ்ச தூரத்தில் பதினைந்து இருபது பேர் மண்வெட்டியோடு கரைமேல் நின்றார்கள். முன்னால் ஒரு பெண், முந்தானையைத் தலைக்கு மேல் போட்டு, அதன்மேல் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு. பெயர் தமிழரசி என்று பிறகு தெரிந்தது. ஐம்பது தாண்டியவர். அவருடைய அம்மா அதே வயலில் கூலிக்கு நட்டவர். இவர் ரயில் நின்ற பிறகு அதில் ஆறு மா, இரண்டு ஏக்கர் போல, குத்தகைக்கு எடுத்துத் தானே பயிர் வைக்கிறார். மகள் சென்னையில் நர்ஸ். இதையெல்லாம் அவரே சொன்னார், சத்தம் போட்டு, நிவேதாவிடம்.

"இன்னிக்கு ரெண்டாவது நாளு முழுவி. நாளைக்கும் நின்னா அழுவிடும். கரைய வெட்டப் போறோம். நீங்க தள்ளி நில்லுங்க."

"வெட்டக் கூடாதுங்க. இது ரயில்வே சொத்து" என்றார் நிவேதா.

"ரயிலு எங்கம்மா? ரயிலக் காட்டு, நான் வெட்டல."

கூட்டம் சிரித்தது. வெட்டப்போன இடத்தைப் பார்த்தேன். கரை அங்கே கொஞ்சம் தாழ்ந்திருந்தது, வெட்ட சுலபம். அதனால் அந்த இடம். ஆனால் அதற்கு நேர்க் கிழக்கே, கரையிலிருந்து முப்பதடியில், புதிதாகக் கட்டிய வீடு. அதற்குப் பின்னால் வரிசையாக இன்னும் ஆறேழு வீடுகள். மேற்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. வெறும் மண் கரையில் ஓரடி வெட்டினால் போதும், மீதியைத் தண்ணீரே வெட்டிக்கொள்ளும். நிறுத்த முடியாது.

அந்த முதல் வீட்டுக்காரர் கரைமேல் ஏறி வந்தார். பக்கிரிசாமி. வளைகுடாவில் வெல்டராக இருந்து திரும்பியவர். கையில் ஒன்றுமில்லை. ஆனால் நின்ற நிலையைப் பார்த்தால் முதல் வெட்டு அவர் மேல் விழுந்த பிறகுதான் மண்ணில் விழும் போலிருந்தது.

"பதினஞ்சு வருசம் பாலவனத்துல காஞ்சு கட்டுன வீடு. தண்ணியில போவவா? வெட்டுங்க பாப்பம்."

"ஒன் வீடு நனையும். என் பயிரு சாவுதுடா" என்றார் தமிழரசி.

"அக்கா, வீட்டுல அம்மா படுத்த படுக்கையா கெடக்கு. நான் தூக்கிட்டு எங்க ஓட?"

தமிழரசி மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

நிவேதா மேலதிகாரிக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் இல்லாமலே எங்களுக்குக் கேட்டது. கரையில் கை வைக்க விடாதே, போலீசுக்குச் சொல், நீ அங்கிருந்து நகராதே. சொன்னாலும் போலீஸ் வர இரண்டு மணி நேரம் ஆகும். இவர்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

நான் முன்னால் போனேன். "இங்க வெட்டாதீங்க. பக்கத்துல ஒரு பழைய பாலம் பொதைஞ்சிருக்கு. அதைத் தொறந்தா செங்கல் வாய் வழியா அளவாத்தான் தண்ணி போகும். கரை உடையாது. எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க."

தமிழரசி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாலம் இருக்குன்னு ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"பழைய ரெக்கார்டுல இருக்கு" என்றேன்.

நிவேதா என்னைத் திரும்பிப் பார்த்தார். ரெக்கார்டு அவர் கையில் இருந்தது.

எனக்கு இடம் ஞாபகம் இருப்பதாக நினைத்தேன். ஒரு ஒதிய மரம், அதற்கு வடக்கே பத்தடி. அப்போது அங்கே ஒரே ஒரு ஒதியமரம்தான் இருந்தது. இப்போது வேலிக்கு வைத்த ஒதியங்கழியெல்லாம் துளிர்த்து, கரை ஓரம் நெடுக மரம். ஒன்றைக் காட்டி, இங்கே தோண்டுங்கள் என்றேன். தோண்டினார்கள். மண். இன்னும் தோண்டினார்கள். மண். ஒரு மணி நேரம் போனது. மழை விடவில்லை. மேற்கே தண்ணீர் ஏறியது. நான் குச்சி நட்டு வைத்திருந்த இடத்தில் குச்சி மூழ்கிவிட்டது.

"ரெக்கார்டு நல்லாருக்கு" என்றார் பக்கிரிசாமி.

தமிழரசி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். "போதும் சார் ஒங்க பாலம். இருந்தா இருவது முப்பது வருசமா நாங்க பாக்காமயா இருப்பம்? வாங்கடா."

அவர்கள் தாழ்ந்த இடத்தை நோக்கி நடந்தார்கள். பக்கிரிசாமி வீட்டைப் பார்த்து ஓடினார், அம்மாவைத் தூக்க. எனக்கு வேறு வழி இல்லாமல் போனது. மனம் திருந்திச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். வழி இருந்திருந்தால் அப்போதும் சொல்லியிருக்க மாட்டேன்.

"அந்தப் பாலத்தை அடைச்சவன் நான்தான்" என்று கத்தினேன்.

நின்றார்கள்.

"ரெயிலைக் கழட்டுனப்போ லாரி போறதுக்காக அடைச்சேன். எடுக்காம போயிட்டேன். பதிவேட்டுல நல்லா இருக்குன்னு பொய் எழுதினேன். கல்லுல செவப்புத் துணி கட்டியிருந்தேன். அந்தக் கல்லு இருந்த எடம் தெரிஞ்சா போதும். யாரு எடுத்திருந்தாலும் கேஸ் கிடையாது. குத்தவாளி நான்."

தமிழரசி திரும்பி என் அருகில் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

"செவப்புத் துணி கட்டுன ஆளு நீதானா?" மரியாதை போய்விட்டது. போக வேண்டியதுதான். "ஏதோ சாமியக் கட்டி வச்சிட்டுப் போயிருக்காங்கன்னு ரெண்டு ஆடி வெள்ளிக்கு வெளக்குப் போட்டேன்யா அந்தக் கல்லுக்கு! பொங்க வச்சேன்! அப்பறம் ஒரு ஐப்பசில இதே மாதிரி முழுவிப் போச்சு. சாமியாவது மண்ணாவதுன்னு நானும் எங்க வூட்டுக்காரரும் பேத்து எடுத்துட்டுப் போயி துணி தொவைக்கப் போட்டுட்டம். இன்னிக்கு வரைக்கும் அதுலதான் தொவைக்கிறேன்."

யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"எடம் தெரியுமா?" என்றேன்.

"வெளக்கு வச்சவளுக்கு எடம் தெரியாதா?"

அவர் நடந்தார். நான் தோண்டச் சொன்ன இடத்திலிருந்து தெற்கே அறுபது எழுபதடி. பருத்த ஒரு ஒதியமரத்துக்கு வடக்கே பத்தடியில் காலால் தட்டினார். ஆள்கள் கிழக்குச் சரிவில் வெட்டினார்கள். இரண்டடி போனதும் மண்வெட்டி 'நறுக்' என்றது. கருங்கல் ஜல்லி. அந்த ஊர் மண்ணில் கருங்கல் கிடையாது. அது நான் போட்டது. இன்னும் கொஞ்சம் வெட்டியதும் வளைவின் செங்கல் தெரிந்தது. விரிசலோடு, நான் விட்டுப்போன மாதிரியே நின்றது.

அதற்குப் பிறகு வேலை முறை நீங்கள் அறிந்ததுதான், விவரிக்கப் போவதில்லை. கிழக்கு வாயை முதலில் சுத்தமாகத் திறப்பது, மேற்கு வாயைச் சுற்றி மண்மூட்டை அடுக்கி மேலேயிருந்து கடப்பாரையால் குத்திக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது, யாரும் உள்ளே நுழையக் கூடாது. இதை டிராக்மேன்களிடம் சொன்னேன். சொல்ல வேண்டிய இன்னோர் ஆள் இருந்தார்.

பக்கிரிசாமி திரும்பி வந்திருந்தார். "என் வீட்டுக்குள்ள தண்ணி வந்தா யாரு சார் பதில்? நீங்க எழுதுன 'நல்ல நிலை' மாதிரி ஒரு பதிலா?"

அவர் கேட்டது சரி. என் வாக்குக்கு அந்த இடத்தில் என்ன மதிப்பு? "நான் உங்க வாசப்படியில நிக்கிறேன். முதல் படி தாண்டித் தண்ணி ஏறுனா கையைத் தூக்குவேன். அடைச்சிடுவாங்க. உங்க அம்மாவைத் தூக்க நானும் ஒரு கை பிடிக்கிறேன்" என்றேன்.

அவர் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். "வாங்க" என்றார்.

நிவேதாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுத்துப் பார்த்தார், கைப்பைக்குள் போட்டார். "டவர் கெடைக்கல சார்" என்றார். போனில் சிக்னல் கோடு நாலும் நிறைந்திருந்ததை நான் பார்த்தேன். பிறகு மேற்கு வாய்க்கு மேலே போய் நின்றுகொண்டு, "நான் சொன்னாத்தான் குத்தணும்" என்று ஆள்களிடம் சொன்னார். உத்தரவை மீறியது அவர். அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது, நான் வெறும் பென்ஷன்காரன். அந்தப் பெண்ணுக்கு இழக்க வேலை இருந்தது.

நான் பக்கிரிசாமி வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே அவருடைய அம்மா கட்டிலில் இருந்தபடி, "யாருடா அது, கரெண்டு ஆபீசா?" என்று கேட்டார். "இல்லம்மா, ரயிலு" என்றார் மகன். "ரயிலு வருதா?" என்றார் அம்மா.

கரையில் நிவேதாவின் கை அசைந்தது. முதலில் கலங்கலாக ஒரு கோடு. பிறகு வாய் நிறையத் தண்ணீர். சத்தம் வந்தது. நேராக வீட்டைப் பார்த்து வந்தது. முதல் படியைத் தொட்டது. பக்கிரிசாமி என் கையைப் பிடித்தார். தூக்கவா, தடுக்கவா என்று தெரியவில்லை. படியின் பாதியில் நின்றது. நிற்காமல் ஓடுகிற தண்ணீர் எப்படி நிற்கிறது என்று பார்த்தேன். வீட்டுக்கு வடக்கே குப்பை கொட்டும் ஒரு பள்ளம். தண்ணீர் அதில் திரும்பி, குப்பையைத் தள்ளிக்கொண்டு, வேலியோரமாகக் கிழக்கே வடிகாலைப் பார்த்துப் போனது. பழைய தாழ்வு. நான் சித்திரையில் பார்த்து வாய்க்கால் இல்லை என்று சொன்ன இடம். மேற்கே வாய்க்கால் எல்லாம் நிரம்பி வழிந்த பிறகு வயல்மேல் வரும் வெள்ளம் போக விட்ட வழி அது. பாலம் கட்டியவன் ஓர் ஐப்பசியாவது அங்கே நின்று பார்த்திருக்கிறான்.

"இந்தப் பள்ளத்தத் தூத்துட்டு ஷெட்டுப் போடலாம்னு இருந்தேன்" என்றார் பக்கிரிசாமி.

"போட்டுறாதீங்க" என்றேன்.

மத்தியானம் வரப்பு தெரிய ஆரம்பித்தது. கரைமேல் யாரோ டீ வாங்கி வந்தார்கள். எனக்கும் ஒரு கிளாஸ் வந்தது. தமிழரசி எதிரில் குந்தி உட்கார்ந்தார். இனி ஒரு நல்ல வார்த்தை வரும் என்று, வெட்கம்கெட்டு, நான் எதிர்பார்த்தேன்.

"எத்தன சம்பா போச்சு தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"தெரிஞ்சுக்க." வரிசையாகச் சொன்னார். எந்த வருடம் என்ன ரகம் போட்டார், எத்தனையாம் நாள் மூழ்கியது, எது அழுகியது, எது பாதி தேறியது, எந்த வருடம் வீட்டுக்காரர் இனி பயிரே வேண்டாம் என்று திருப்பூருக்குப் போனார், எந்த வருடம் மகளின் படிப்பை நிறுத்தலாம் என்று பேச்சு வந்தது. மனு எழுதிக் கொடுத்த இடங்கள். எல்லா இடத்திலும் சொன்ன பதில் ஒன்றுதான்: கரையில் தண்ணீர் போகும் வழியெல்லாம் நல்ல நிலையில் இருப்பதாகப் பதிவேடு சொல்கிறது. டீ ஆறிப்போனது. நான் எழுந்து போகவில்லை. அன்று நான் செய்த ஒரே ஒழுங்கான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆறு மாவில் நான்கு மா பிழைத்தது. மீதி இரண்டு மா போய்விட்டது. தேறிய நாற்றுக் குத்தைப் பிரித்து அதில் மறுபடி நட்டார். ஆள் கிடைக்காமல் அவரும் மருமகளுமாக நட்டார்கள்.

நிவேதா பட்டியலைத் திருத்தினார். பதினேழுக்கு நேராக 'நிலை' என்ற கட்டத்தில் என்ன போட என்று கேட்டார். அடைத்தவன் பெயர், பதவி, காரணம், திறந்த விதம் எல்லாம் போடச் சொன்னேன். போட்டார். அலுவலகம் திருப்பி அனுப்பியது: பாரம்பரியப் பட்டியலில் இதெல்லாம் தேவையில்லை, நீக்கவும். அவர் நீக்கவில்லை. டவர் கிடைக்காததற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்திருக்கிறது. அதற்குப் பதிலாக நான் ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் பென்ஷனுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆனால் ஆகட்டும்.

பதினேழாம் எண் கல்லைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று இன்னொரு கடிதம். நான் தமிழரசிக்குப் போன் செய்து சொன்னேன்.

"வந்து எடுத்துக்கச் சொல்லு. ஒரு மாசத்து அழுக்கு மூட்ட இருக்கு. அதத் தொவச்சு, காயப்போட்டு, மடிச்சு வச்சிட்டுத் தூக்கிட்டுப் போவட்டும்" என்றார்.

அப்படியே பதில் எழுதிவிட்டேன். யாரும் வரவில்லை. கல் அங்கேயே இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன். இப்போது மழை வந்தால் எனக்கு உட்கார முடிவதில்லை. தொலைக்காட்சியில் வானிலை சொல்கிறவர் 'டெல்டா' என்றதும் எழுந்து வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிறேன். பதினேழு நினைவுக்கு வருகிறது. அதைவிட, வேறு எங்கே என்ன அடைத்தேன் என்ற யோசனை வருகிறது. முப்பத்தைந்து வருடம். எத்தனை கட்டை செருகியிருப்பேன், எத்தனை மூட்டை அடுக்கியிருப்பேன், எதையெல்லாம் நாளைக்கு எடுத்துக்கலாம் என்று விட்டிருப்பேன். ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நீடாமங்கலம் பக்கம் இரண்டு இடம் சந்தேகமாக இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டேன், ஒன்று சரியாக இருந்தது. மற்றதைப் பற்றி உங்கள் பிரிவுக்கே எழுதியிருக்கிறேன், மூன்று கடிதம். உங்களில் யாருடைய மேசையிலோ இருக்கிறது. தேடி எடுங்கள்.

இன்று காலையிலிருந்து தூறல். தமிழரசி போனில் கூப்பிட்டார். "தண்ணி போவுது. ஆனா வாயில ஏதோ முள்ளு மாட்டுன மாதிரி இருக்கு. வந்து பாக்குறியா, இல்ல நல்ல நிலைன்னு எழுதிக்கவா?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். பையை எடுத்து வைத்துவிட்டேன். பத்தரைக்குக் கீழ்வேளூர் பஸ்.

உங்கள் சால்வையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பாக இருந்தால் கிழித்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும்.